தள்ளக் கூடாது

பெட்டியைப் பிரிக்கும் முன் உரக்கப் படிக்க வேண்டும்:
விட்டம் ஆறு. நீளம் நூற்றிருபது.
காலாவதி அடுத்த மார்ச்.
படித்தேன். டாக்டர் மெஹருன்னிசா தலையசைத்தார்.
வெளியே தஞ்சாவூரில் ஐப்பசி மழை.
உள்ளே பதினெட்டு டிகிரி,
ஈயக் கவசத்துக்குள் வியர்வை.

மேஜையில் பக்கிரிசாமி.
சாலியமங்கலம் பக்கம் நெல் கொள்முதலில் லோடுமேன்.
வலது தொடையில் குழாய் அடைத்து ஒன்பது மாதம்.
நாற்பது கிலோ மூட்டை தோளில் இருக்க
நாற்பதாவது அடியில் கெண்டைக்கால் கவ்விக்கொள்ளும்.
மூட்டையோடு நின்று வானத்தைப் பார்ப்பாராம்.
"நோவுன்னு சொன்னா மறுநாளு வேல இல்லம்மா.
மழ வருதான்னு பாக்குறேன்னு சொல்லிருவேன்."
பீடிதான் காரணம் என்று
டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.
மூன்றாம் முறை சொல்லவில்லை.

இடது கவட்டில் ஊசித் துளை.
அதன்வழி கம்பி மேலேறி
வயிற்றுக்குள் பெருங்குழாய் பிரியும் இடத்தில் திரும்பி
வலது காலுக்குள் இறங்குகிறது.
இந்த ஊரில் பிறந்தவளுக்கு இங்கே
கல்லணையைச் சொல்ல வாய் வரும்.
சொல்ல மாட்டேன்.
ஆற்றில் அடைப்பென்றால் பொக்லைன் இறங்கும்.
இங்கே மொத்த அகலமே ஒரு பென்சில்.

கருவி இவ்வளவுதான்:
ஒரு வெள்ளைக் கைப்பிடி,
கட்டைவிரலுக்கென்று பல் வைத்த சக்கரம்,
ஈர்க்குச்சி தடிமனில் நீண்டுபோகும் உறை,
உறை நுனிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வலை.
நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி.
குளிரில் சொன்னபடி கேட்கும்.
உடம்புச் சூடு பட்டால்
தன் பழைய வடிவம் ஞாபகம் வந்துவிடும்.

முதல் முறை பார்ப்பவர்கள்
வலையை வெளியே தள்ளுவதாகவே நினைப்பார்கள்.
தள்ளக் கூடாது.
வலை இருந்த இடத்தில் இருக்கும்,
உறைதான் பின்னால் வரவேண்டும்.
குழாயில் கொஞ்சம் தொய்வு இருந்தாலும்
வலை முன்னே குதிக்கும்.
விரிந்ததை மறுபடி மூட வழியில்லை.

பூட்டு முள்ளை எடுத்தாயிற்று.
வால்பக்கத்தை நேராகப் பிடித்திருந்தேன்.
டக். டக். டக்.
திரையில் சாம்பல் பின்னல் அகலத் தொடங்கியது.
"மழ வுட்டுச்சாம்மா?"
"விடலை. காலை ஆட்டாதீங்க."
"ஆயிரத்தி எறநூறு மூட்ட வெளியில கெடக்கு."

பாதியில் சக்கரம் செத்தது.
சுற்றினால் சுற்றுகிறது, உறை நகரவில்லை.
பாதி வலை சுவரைப் பிடித்துக்கொண்டது,
பாதி இன்னும் உள்ளே.
இதை விட்டுவிட்டு வரவும் முடியாது,
எடுத்துக்கொண்டு வரவும் முடியாது.

டாக்டர் கைப்பிடியின் அடிமூடியை உடைத்தார்.
உள்ளே ஒரு வளையம், அவசரத்துக்கு வைத்தது.
ஏழு வருஷத்தில் நான் அதைக்
குறிப்புத்தாளின் படத்தில்தான் பார்த்திருந்தேன்.
"செங்கமலம், நீ அசையாதே."
அசையவில்லை. மூச்சும் விடவில்லை.

அப்போதுதான் பக்கிரிசாமி கூரையிடம் பேசினார்:
"மச்சானுக்குப் போன் போட்டு சொல்லுங்கம்மா,
படுதாவ ஒரேடியா உருவ வேணாம்னு.
ஒருத்தன் அடுக்கப் புடிச்சிக்கணும்,
இன்னொருத்தன் பைய இழுக்கணும்.
இல்லாட்டி மூட்டையும் கூடவே வந்துரும்."

டாக்டரின் கண்கள் முகமூடிக்கு மேல்
ஒரு நொடி என்னிடம் வந்து போயின.
வளையம் பைய வந்தது. ஒரு விரற்கடை. இன்னொன்று.
மீதி வலை விரிந்தது.
சாயம் தொடை தாண்டி, முழங்கால் தாண்டி,
கணுக்காலில் கிளைத்தது.

காலி உறை வந்த வழியே திரும்பியது.
சிவப்புக் கூடையில் போட்டேன்.
பெட்டியின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டினேன்.
மச்சானுக்கும் போன் போட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் வராந்தாவில் நடக்க விட்டோம்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.
நின்றுவிட்டார்.
"வலிக்குதா?"
காலைப் பார்த்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.
"இல்லம்மா," என்றார், "நின்னு பழகிப்போச்சு."